மேல்வீட்டுக்குக் கேட்காத பாட்டு

தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் அவனுடைய ஸ்டீரியோ எங்கள் வீட்டுக்கு வந்தது. அவனுக்குக் காக்கநாட்டில் ஐ.டி. வேலை. ஃப்ளாட்டின் ஹால் முழுக்கத் தொட்டிலும் நடைவண்டியுமாக ஆகிவிட, இடுப்பு உயரத்துக்கு நிற்கிற அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இனி எங்கே நிற்பது என்று அவன் மனைவி கேட்டிருக்கிறாள்.

"விக்க மனசு வரல அக்கா. அத்தான் பாட்டுக் கேக்குற ஆளு. உங்க வீட்ல இருக்கட்டும்" என்று ஃபோனில் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஹோட்டலில் தோசை மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு கொச்சிக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா கார்ப்பரேஷன் வேலைக்காக வந்தார், நானும் கார்ப்பரேஷனிலேயே கிளார்க் ஆனேன். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்ததோடு சரி. என் வீட்டுக்காரருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழு ஆள் தேறும்.

அவர் விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குப் போய்விடுவார். தலைக்கு மேல் புகையிழுக்கிற பெரிய ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க, மதியம் வரை கல்லின் முன்னால் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது காதுக்குள் அந்த ஃபேன் இன்னும் ஓடுகிற மாதிரி இருக்கும் என்பார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால்தான் அவருக்கு அது நிற்கும். அதுவரை ஃபோனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பாட்டு, நாதஸ்வரம், கச்சேரி, எது கிடைத்தாலும்.

அன்றைக்குத் தம்பி ஒயர்களையெல்லாம் மாட்டி முடித்ததும், "அத்தான், உங்களுக்குப் பிடிச்சத போடுங்க" என்றான். இவர் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார். தம்பி குமிழைத் திருகினான். தவில் எங்கள் வீட்டு நடுவிலேயே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்டது. ஷோகேஸ் கண்ணாடி தனியாக ஒரு தாளம் போட்டது. என் வீட்டுக்காரர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெரிய சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் மரப்படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம். மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு எப்போதும் நைட் டியூட்டிதான். இடுக்கிக்காரி. ஏலத்தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு நடுவில் வளர்ந்ததால் மலையாள வாடையோடு தமிழ் பேசுவாள். கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

"சேச்சி, பாட்டு நல்லா இருக்கு" என்றாள். "ஆனா என்னோட கட்டிலும் சேர்ந்து பாடுது."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். தம்பி பாய்ந்து போய் நிறுத்தினான். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவளுக்குச் சாயா போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சேச்சி, சாயா குடிச்சா பிறகு உறக்கம் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கட்டடம். கீழே நாங்கள், மேலே அவள். எங்கள் கூரைதான் அவளுடைய தரை. உத்தரங்களுக்கு மேல் பலகை அடித்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றிப் போடுவதும், நாற்காலியை இழுப்பதும் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். காலை ஒன்பது மணிக்கு வந்து படுத்தால் அவள் எழுந்திருப்பது சாயங்காலம்தான். இவர் பாட்டுக் கேட்கிற நேரமும் அவள் தூங்குகிற நேரமும் ஒன்று. இரண்டு பேருக்கும் வேறு நேரம் கிடையாது.

"காதுல மாட்டிக் கேக்குறத வாங்கிடலாமே" என்றேன். தம்பியே ஒன்று கொடுத்தான். இரண்டு நாள் போட்டுப் பார்த்தார். வேர்த்து வேர்த்துக் காதுமடல் சிவந்துபோனது. "கிணத்துக்குள்ள உக்காந்து கேக்க மாதிரி இருக்கு. நீ கூப்ட்டாலும் கேக்க மாட்டேங்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். ஆகவே ஸ்பீக்கர்தான், ஆனால் மெதுவாக என்று முடிவானது.

மெதுவாக வைத்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் ஃபோனைவிட மோசமாகக் கேட்டது. தவிலைக் காணோம். மிருதங்கத்தில் வலது கை மட்டும் டிக் டிக் என்று வருகிறது, இடது கை எங்கே போனது என்றே தெரியவில்லை. பாடுகிறவர் அடுத்த தெருவில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"பாட்டு வருது. அதோட உடம்பு வரல" என்றார் இவர். உப்பில்லாத சாம்பாரை ருசி பார்த்த முகம்.

தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவனுக்கு இந்த விஷயமெல்லாம் நன்றாகத் தெரியும். "ஸ்பீக்கர்ல தப்பு இல்ல அக்கா. நம்ம காதே அப்படித்தான். சத்தம் குறையக் குறைய அடிச் சத்தம்தான் நமக்கு மொதல்ல கேக்காம போகும். அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. லவுட்னஸ்னு எழுதியிருக்கும், பாரு" என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவுக்குச் சின்ன எழுத்து. ஃபோனில் அவன் சொல்லச் சொல்ல நான் கண்டுபிடித்து அமுக்கினேன். தவில்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இவர் தரையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் மேலேயிருந்து மெசேஜ் வந்தது. மலையாளத்தில் எழுதியிருந்தாள். பாட்டு கேட்கவில்லை, ஆனால் தும் தும் என்று மட்டும் வருகிறது, யாராவது மாவு இடிக்கிறீர்களா என்று.

விஷயம் இதுதான். மெல்லிய சத்தத்தையெல்லாம் பலகை தடுத்துவிடுகிறது. தவிலின் அடி மட்டும் சுவரில் ஏறி, உத்தரத்தில் ஏறி, அவளுடைய கட்டில் கால் வரைக்கும் போய்விடுகிறது. இவருக்கு எது வேண்டுமோ அதுவேதான் அவளுக்கு வேண்டாதது.

இதற்குப் பிறகு கொஞ்ச நாள் இவர் சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியாது.

ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது கூரை முழுக்கச் சாக்கு. கொச்சங்காடியில் இவருக்குத் தெரிந்த ஒருவர் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். அவரிடம் காலிச் சாக்குகளை வாங்கிவந்து, மடித்து, உத்தரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஆணி அடித்துக் கட்டியிருந்தார். ஏணியில் நின்றபடியே, "எப்படி இருக்கு? சத்தம் இனிமே மேல போகாதுல்லா" என்றார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை. அவருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆணி அடித்த களைப்பு என்று நினைத்திருக்கிறார். சாக்கை மோந்து பார்த்தேன். வற்றல் மிளகாய் வந்த சாக்கு.

"உதறலையா?"

"ஆணி அடிச்சதுலயே உதறியாச்சு" என்றார்.

அந்த நேரத்தில் மேலே ஒரு தும்மல் கேட்டது. பிறகு இன்னொன்று. பலகை இடுக்கு வழியாக மிளகாய்த் தூசி அவளுடைய கட்டிலுக்கு நேராகப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள். கூரையைப் பார்த்தாள். ஏணியில் நிற்கிறவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து தும்மினாள். நானும் தும்மினேன். இவர் ஏணியிலேயே தும்மியதில் ஏணி ஆடியது. அவளும் நானும் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் தும்மவும் முடியாமல் நின்றோம்.

"அண்ணா, என்னைக் கொன்னுட்டு நிம்மதியா பாட்டுக் கேக்கலாம்னு பார்க்குறீங்களா?" என்றாள் கடைசியில்.

சாக்குகளை அன்றைக்கே இறக்கிவிட்டோம். ஒரு வாரத்துக்கு வீட்டில் எதைத் தொட்டாலும் கை எரிந்தது. தம்பியிடம் இவர் ஃபோனில் சொன்னபோது அவன் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டு வந்து, "சாக்குக்கெல்லாம் தவில் அடங்காது அத்தான். ஸ்பீக்கர மூலையிலேர்ந்து முன்னால இழுங்க. மூலைச் சுவர் அடிச் சத்தத்தப் பெருக்கிக் காட்டும். அடியில எதாவது மெத்துன்னு வைங்க" என்றான். நாங்கள் வாசலில் போடுகிற கயிற்று மிதியடியில் கனமானதாக நான்கு வாங்கிவந்து ஸ்பீக்கருக்கு அடியில் இரண்டிரண்டாகப் போட்டோம். மேலே தும் தும் பாதியாகக் குறைந்தது என்றாள் அவள். முழுக்கப் போகவில்லை.

மீதியைக் கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்தேன் என்று சொல்வதும் சரியில்லை. நெத்தோலி மீன்தான் காரணம்.

ஒரு இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு லீவு. வீட்டைக் கழுவிவிடலாம் என்று சாமான்களையெல்லாம் சுவரோரத்திலிருந்து நகர்த்தி ஹாலின் நடுவுக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பக்கமாக ஒரு ஆள் உட்காருகிற இடைவெளியில் நின்றன. அந்த நேரம் மீன்காரி வந்து, வைப்பின் தீவிலிருந்து அப்போதுதான் வந்த நெத்தோலி என்று ஒரு கூறு கொடுத்துவிட்டுப் போனாள். சுவரோரமெல்லாம் ஈரம். உட்கார வேறு இடமில்லாமல் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மீன் ஆய ஆரம்பித்தேன். இவர் அடுக்களையில் மாங்காய் அரிந்துகொண்டிருந்தார். பாட்டு அவர் எப்போதும் வைக்கிற அளவில், அதாவது மேல்வீட்டுக்கு ஒத்துக்கொள்கிற அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று மீன் ஆய்ந்திருப்பேன். பாடுகிற அம்மாள் மூச்சு இழுப்பது கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். யாரோ எனக்கு எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில். வயலின் கம்பியின் உரசல் தெரிந்தது. மிருதங்கத்தின் இடது கை இருந்தது. சத்தம் மட்டும் கூடியிருக்கவே இல்லை.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

"என்ன, முள்ளு குத்திட்டா?"

"வந்து உக்காருங்க. பேசாம உக்காருங்க."

நான் எழுந்து முக்காலியைக் கொடுத்தேன். கையில் கத்தியோடு உட்கார்ந்தார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டினார், பின்னால் இழுத்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு, சத்தம் வரல சத்தம் வரலன்னு நான் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். "நாம கிட்ட வந்தா போதும்போல."

தம்பியிடம் சொன்னதும் அவன், "ஆமா, அது சரிதான். எனக்கு ஏன் தோணல" என்றான். பிறகு, பெரிய ஸ்பீக்கருக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் அடிச் சத்தம் முழங்காலிலும் மேல் சத்தம் நெற்றியிலுமாகத் தனித்தனியாக வரும், அதற்குச் சின்னதுதான் சேரும் என்று விளக்கினான். அது எங்களுக்கும் லேசாகத் தெரிந்திருந்தது. நாதஸ்வரம் மேஜை மேலும் தவில் மேஜைக்கு அடியிலும் இருக்கிற மாதிரி. அடுத்த முறை வரும்போது தன் கம்ப்யூட்டர் மேஜையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தான். பெரியவை இரண்டும் கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் பூச்சட்டி வைக்கப் பயன்பட்டன.

சின்ன ஸ்பீக்கர்களை இரண்டு ஸ்டூலில், உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வருகிற மாதிரி வைத்தோம். கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினோம். எதிரில் ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதே அளவு தூரம் நாற்காலிக்கும். இவர் மாவுக் கரண்டியை நீட்டித்தான் அளந்தார்.

அப்போதுதான் வீட்டில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. பாட்டு மெதுவாக இருந்தால் மற்றதெல்லாம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஃபேன். அதை நிறுத்தினார். கொச்சியில் மதியம் மூன்று மணிக்கு ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பனியனையும் கழற்றிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்பார். "தோசைக்கல்லு முன்னால நிக்கவனுக்கு இது ஒரு சூடா?" என்பார்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். ஹாலின் மூலையில்தான் அது இருக்கிறது. அது உறுமுகிற சத்தம் ஒரு சுருதிப் பெட்டி மாதிரி, ஆனால் பாட்டோடு சேராத சுருதி. ஒரு நாள் அதையும் அணைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்து அப்படியே சந்தைக்குப் போய்விட்டார். நான் வந்து கதவைத் திறந்தபோது வாசனையே விஷயத்தைச் சொன்னது. மத்திக் குழம்பு வைக்க வைத்திருந்த மீன் போயிற்று. இட்லி மாவு பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, காய்கறித் தட்டு வரைக்கும் இறங்கியிருந்தது.

அவர் வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து மாவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாவு நல்லா புளிச்சிருக்கு" என்றார் தொழில் தெரிந்தவராக.

"பாட்டு நல்லா கேட்டுச்சா?"

"அது ரொம்ப நல்லா கேட்டுச்சு" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. எனக்கு அதற்கு மேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அன்றைக்குப் புளித்த மாவில் ஊத்தப்பம் ஊற்றினார், வெங்காயம் நிறையப் போட்டு. மேல்வீட்டுக்கும் நான்கு கொடுத்தனுப்பினோம்.

ஆனால் ஃப்ரிட்ஜைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வேறு வழி பார்க்கலாம் என்று நாங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்ததில், பின்கால் ஒன்று தரையில் சரியாக ஊன்றவில்லை, அதனால்தான் முழுப் பெட்டியும் நடுங்குகிறது என்று தெரிந்தது. ஒரு மரத்துண்டைச் சீவி அடியில் சொருகினார். உறுமல் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஃபேனுக்கு ஆள் வந்து பேரிங் மாற்றிக் கொடுத்தார். மெதுவாக ஓடினால் சத்தமே இல்லை. இவர் மறுபடியும் பனியன் போட ஆரம்பித்தார்.

எல்லாம் ஒழுங்கானதும் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும் என்று மேல்வீட்டுப் பெண்ணே சொன்னாள். அவளுக்கு ஆஃப் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் மேலே கட்டிலில் படுத்துக்கொள்வது, இவர் கீழே பாட்டை வைப்பது, நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பது என்று ஏற்பாடு.

"கேக்குதா மோளே?"

"இல்ல சேச்சி."

இவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"இப்ப?"

"பாட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு, ஓடிட்டிருக்கு."

"சும்மா சொல்றீங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்துவிட்டாள். உள்ளே வந்து, பாட்டு ஓடுவதைக் கேட்டுவிட்டு, மறுபடி வாசலுக்குப் போய்ப் படியில் நின்று பார்த்தாள். அங்கே இல்லை. திரும்ப உள்ளே வந்தாள். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "இதுல உக்காந்து கேளு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்துகொண்டேதான் கேட்டாள், நர்ஸ் ஆயிற்றே, எதையும் உற்றுப் பார்த்துக்கொண்டேதான் செய்வாள். பாதிப் பாட்டில் நாற்காலிக் கையில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது படியேறுற பாட்டு" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னாள். அத்தனை மாதம் மேலே படுத்துக்கிடந்ததில் அவளுக்கு எங்கள் பாட்டுகளின் அடிச் சத்தம் மட்டும் மனப்பாடமாகியிருக்கிறது. மெட்டு தெரியாது, வார்த்தை தெரியாது. அதனால் அவளே பெயர் வைத்திருக்கிறாள். ஒன்று படியேறுற பாட்டு. ஒன்று லாரிப் பாட்டு. இன்னொன்று மாவு இடிக்கிற பாட்டு.

என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மாவு இடிக்கிறது எது? தட்டிக் காட்டு" என்றார். அவள் தட்டினாள். இவர் யோசித்து ஒன்றைப் போட்டார். "இது இல்ல." இன்னொன்றைப் போட்டார். "இதான், இதான்" என்றாள். பிறகு அப்படியே வாயைத் திறந்தபடி இருந்துவிட்டாள். புருஷனை விட்டுப் பிரிந்த ஒருத்தி சாயங்கால வேளையில் தனியாக இருந்து பாடுகிற பழைய பாட்டு அது. என் அம்மா அதைக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள்.

"இவ்வளவு சங்கடமான பாட்டா இது?" என்றாள். "நான் மேல படுத்துக்கிட்டு, கீழ யாருக்கோ நல்ல விசேஷம் போலன்னு நினைச்சேன் சேச்சி."

லாரிப் பாட்டு என்று அவள் சொன்னது ஒரு தாலாட்டு. அதைக் கேட்டதும் மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அன்றைக்கு மதியம் முழுவதும் அப்படியே போனது. அவள் தட்டுவாள், இவர் கண்டுபிடிப்பார். நான் கப்பைக்கிழங்கை வேகவைத்து மீன் குழம்போடு கொண்டுவந்து கொடுத்தேன்.

அதிலிருந்து அவள் நன்றாகத் தூங்குகிறாள். நாங்களும் மாறித்தான் போனோம். இவர் வீட்டில் பேசுகிற சத்தம் குறைந்திருக்கிறது. ஹோட்டலில் கத்திப் பேசிப் பேசி வீட்டிலும் கத்துவார், இப்போது அப்படியில்லை. டிவியைக்கூடப் பாதியாகத்தான் வைக்கிறோம். தம்பி குடும்பத்தோடு வந்தால் அவன் குழந்தைகள் போடுகிற சத்தத்தில் எல்லாம் சரிக்குச் சரியாகிவிடும், அது வேறு. அவன் ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தன் வீட்டிலும் குழந்தை தூங்குகிற நேரத்துக்கு இதேபோல ஒன்று செய்ய வேண்டும் என்றான். "அப்ப அந்தச் சின்ன ஸ்பீக்கரத் திரும்பக் கேப்பியா?" என்றேன். வேறு வாங்கிக்கொள்கிறேன் என்றான். பூச்சட்டியை இறக்கிவிட்டுப் பெரிய இரண்டையும் அவனுக்குத் தெரிந்த கல்யாணப் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்தோம்.

மழைக்காலத்தில் மட்டும் இந்த ஏற்பாடு ஒன்றும் நடக்காது. பின்பக்கத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் மெதுவான பாட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். அந்த நாட்களில் இவர் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். மேலே அவளும் தூங்குவாள்.

ஒரே ஒரு குறைதான் பாக்கியிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் அவருக்கு வலது ஸ்பீக்கர் மட்டும், எனக்கு இடது மட்டும். அவருக்கு வயலின், எனக்கு மிருதங்கம். நடுவில் பாடுகிறவர் யாருக்கும் கிடைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் கேட்கும்போது இன்னொருவர் எப்போது எழுந்திருப்பார் என்று நிற்பது நன்றாக இல்லை. பிறகு ஒரு நாள் இவர் என் நாற்காலியைத் தூக்கித் தன் நாற்காலிக்கு நேர் பின்னால் போட்டார். முன்னால் இருப்பவர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவருக்கும் நடுவிலிருந்து பாட்டு வரும். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற மாதிரி உட்கார வேண்டும். சில நேரம் அவர் முதுகிலேயே சாய்ந்துகொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவள் டியூட்டிக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்த பஸ் எங்க போகுது சேச்சி?" என்றாள்.

"நீ ஏறு. போற எடத்துல எறக்கிவிடுதோம்" என்றார் இவர் திரும்பாமலேயே.

நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அடுக்களையிலிருந்து என் முக்காலியை எடுத்துவந்து எனக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தால் ஒன்றும் சரியாகக் கேட்காது. நான் அதைச் சொல்லவில்லை. அவளும் பாட்டு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.